தும்மல் வருகிறவருக்கு எந்தப் பூனை?

பூனை வளர்க்க ஆசை. ஆனால் பூனை பக்கத்தில் வந்தாலே மூக்கு அரிக்கிறது, கண் சிவக்கிறது, தும்மல் ஏழெட்டு அடுத்தடுத்து வருகிறது. இப்படி இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, ஒவ்வாமை தராத பூனை இனம் எது என்பதுதான். அப்படி ஓர் இனம் இல்லை. ஒவ்வாமையைக் குறைவாகத் தருகிற தனிப் பூனைகள் உண்டு. அந்த ஒரு பூனையைத் தேடிப் பிடிப்பது எப்படி, அதை மட்டக்களப்பில் உள்ள ஒரு வீட்டில் வைத்து வளர்ப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தவர்களுக்கும் இது பொருந்தும். வெயிலும் மாரியும் கடற்காற்றும் நமக்கெல்லாம் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முட்டு வருத்தம் உள்ளவர், அதுவும் கடந்த மாதங்களில் இரவில் மூச்சுத் திணறி எழும்பியவர், வைத்தியசாலைக்குப் போய் நெபுலைசர் வைத்தவர், இதை வாசித்துவிட்டுப் பூனை எடுக்கப் போக வேண்டாம். முதலில் வைத்தியரிடம் போய் முட்டு வருத்தத்தைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள். வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தாலும் இதே பதில்தான். கீழே வருவதெல்லாம் தும்மல், மூக்கொழுகல், கண் கடி என்ற அளவில் நிற்கிறவர்களுக்கு.

முதல் படி: பூனைதான் காரணமா?

நம் பகுதியில் தும்முவதற்குக் காரணங்கள் நிறைய. கரையோர ஈரப்பதத்தில் மெத்தை, தலையணை, செற்றி எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் பெருகுகின்றன. மாரி தொடங்கினால் சுவரிலும் அலுமாரிக்குப் பின்னாலும் பூஞ்சணம் பிடிக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டுக்குள் புழுதி. இவற்றில் எது தும்ம வைத்தாலும், அந்த நேரம் மடியில் பூனை படுத்திருந்தால் பழி பூனை மேல்தான் விழும்.

பிரித்துப் பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. காலையில் எழும்பும்போதும், படுக்கையை உதறும்போதும் தும்மல் கூடினால் தூசி உண்ணியைச் சந்தேகியுங்கள். பூனை இருக்கிற வீட்டுக்குள் போய்ச் சில நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலத்துக்குள் மூக்கு அரித்து, வெளியே வந்து சில மணித்தியாலத்தில் அடங்கினால் பூனையைச் சந்தேகிக்கலாம். பூனை நக்கிய இடத்தில் தோல் தடித்துச் சிவந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

தோலில் வருகிற எல்லாமே ஒவ்வாமை இல்லை. கணுக்காலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் கூட்டமாக வந்து கடித்தால் அது பெரும்பாலும் தெள்ளுக்கடி. பூனைக்குத் தெள்ளு மருந்து போட்டால் தீருகிற விஷயம். வட்டமாக, ஓரம் தடித்து, செதில் உரிந்தால் படர்தாமரை. குட்டிகளிடமிருந்து அது லேசாகத் தொற்றும். உங்களுக்கும் பூனைக்கும் சேர்த்து மருந்து செய்ய வேண்டும். இந்த இரண்டையும் "எனக்குப் பூனை ஒத்துவராது" என்று நினைத்துப் பூனையைக் கொண்டுபோய் விட்டவர்கள் நம்மூரில் இருக்கிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தமான விஷயம்.

சந்தேகம் தீர வேண்டுமென்றால் பரிசோதனை செய்யலாம். தோலில் சிறு துளி வைத்துக் குத்திப் பார்க்கிற பரிசோதனையின் முடிவு பதினைந்து, இருபது நிமிடத்தில் தெரியும். இரத்தத்தில் செய்கிற பரிசோதனையும் இருக்கிறது. கொழும்பு பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நோயெதிர்ப்பியலுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையிலோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கிளினிக் வைத்தியரிடம் கேட்டால், எங்கே எப்படிச் செய்வது என்று வழி காட்டுவார். தோல் பரிசோதனைக்குச் சில நாட்கள் முன்பே ஒவ்வாமை மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முடிவு பிழைக்கும். எத்தனை நாள் என்று அவரிடமே கேளுங்கள். இன்னொன்று, பரிசோதனையில் பூனைக்கு "ஆம்" என்று வந்தால் உங்கள் உடல் பூனையை அடையாளம் கண்டு எதிர்க்கிறது என்றுதான் பொருள். எந்தப் பூனையோடு எவ்வளவு வருத்தம் வரும் என்பதை அந்தக் காகிதம் சொல்லாது.

எதற்குத் தும்முகிறோம்

மயிருக்கு இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறுகிற ஒரு புரதத்துக்குத்தான் பெரும்பாலானவர்கள் தும்முகிறார்கள். அதன் பெயர் ஃபெல் டி 1. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும். அந்த எச்சில் மயிரில் காய்ந்து, தோல் செதிலோடு சேர்ந்து, மிக நுண்ணிய துகளாகக் காற்றில் எழும்புகிறது. அந்தத் துகள் எடை குறைந்தது. நெடுநேரம் மிதக்கும், உடுப்பில் ஒட்டும், ஒட்டிய உடுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் கூடப் போகும்.

இதை விளங்கிக்கொண்டால் விளம்பரங்களைப் பார்த்து ஏமாற மாட்டீர்கள். மயிர் குறைந்த பூனைக்கும் எச்சில் உண்டு, தோல் உண்டு. மயிரே இல்லாத பூனையின் தோலிலும் அந்தப் புரதம் இருக்கிறது. எல்லாப் பூனையும் அதைச் சுரக்கிறது. ஆனால் பூனைக்குப் பூனை அளவில் பெரிய வித்தியாசம். ஒரே பூனையில் கூட நாளுக்கு நாள் அளவு மாறும். நமக்கு இருக்கிற வாய்ப்பு இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

இனங்களைப் பற்றி

இணையத்தில் தேடினால் சைபீரியன், பாலினீஸ், ரஷ்யன் புளூ, ஸ்பிங்க்ஸ், டெவன் ரெக்ஸ், கோர்னிஷ் ரெக்ஸ் என்று ஒரு வரிசை வரும். சைபீரியன் பூனைகள் சிலவற்றில் அந்தப் புரதம் குறைவாக இருந்தது உண்மை. அதே இனத்தில் நிறையச் சுரக்கிற பூனைகளும் இருக்கின்றன. ஓர் இனத்தின் பெயரை மட்டும் வைத்து "இது உங்களைத் தும்ம வைக்காது" என்று உத்தரவாதம் தருகிற அளவுக்கு எந்த இனத்துக்கும் ஆதாரம் கிடையாது. 2006இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் ஒவ்வாமை தராத பூனை என்று சொல்லி ஒவ்வொன்றையும் ஏறக்குறைய 4000 டொலருக்கு விற்றது. சொன்னதை அது நிரூபிக்கவே இல்லை.

நம் காலநிலையையும் சேர்த்துப் பாருங்கள். சைபீரியன் பனிநாட்டுப் பூனை. இரட்டை அடுக்கு மயிர். சித்திரை வெயிலில் சீட் போட்ட வீட்டுக்குள் அது படும் பாட்டைப் பார்க்க முடியாது. ஸ்பிங்க்ஸுக்கு மயிர் இல்லாததால் வெயில் தோலைச் சுடும். தோல் எண்ணெய் தேங்கி அழுக்குப் பிடிப்பதால் அடிக்கடி குளிப்பாட்டவும் வேண்டும்.

நம் பக்கம் உண்மையில் விற்பனைக்கு வருவது பேர்சியனும் அதன் கலப்பும்தான், அதாவது சடைப்பூனை. ஒவ்வாமை உள்ளவருக்கு அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். அந்த மயிரைத் தினமும் சீவாவிட்டால் சடை கட்டிவிடும். தினமும் சீவினால் உங்கள் மூக்கு தினமும் அதற்குள் இருக்கும். முகம் தட்டையான பூனை என்பதால் வெக்கையில் மூச்சுவிடவும் சிரமப்படும். பரம்பரையாக வருகிற சிறுநீரக நோயும் இந்த இனத்தில் உண்டு. "இது ஒவ்வாமை தராத இனம்" என்று யாராவது அதிக விலை சொன்னால், அந்தக் காசை மிருக வைத்தியருக்கென்று எடுத்து வையுங்கள்.

என் தீர்ப்பு இது: நம் வளவில் பிறந்து, நம் வெயிலுக்குப் பழகிய, குட்டை மயிர் நாட்டுப் பூனை. அதில் எந்தப் பூனை என்பதுதான் தேட வேண்டியது.

எப்படிப்பட்ட பூனையைத் தேடுவது

பெட்டைப் பூனை அல்லது கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்த கடுவன். சத்திரசிகிச்சை செய்யாத கடுவன் பூனைதான் இந்தப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும். செய்தபின் அளவு குறையும். உங்களுக்குப் பிடித்துப்போன பூனை கடுவனாக இருந்தால், சத்திரசிகிச்சை முடிந்து சில வாரம் போனபின் உங்கள் மூக்கைச் சோதித்துப் பாருங்கள்.

குட்டியை விட வளர்ந்த பூனை நல்லது. இதைச் சொன்னால் பலருக்கு மனம் வராது, குட்டியின் முகம் அப்படி. ஆனால் குட்டியாக இருக்கும்போது உங்களுக்கு ஒன்றும் செய்யாத பூனை வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு வயது தாண்டிய பூனையில் நீங்கள் இன்று உணர்வதுதான் நாளைக்கும் ஏறக்குறைய இருக்கும். அதோடு வளர்ந்த பூனையின் குணமும் தெரியும். எந்நேரமும் மடியில் ஏறி முகத்தை நக்குகிற பூனையை விட, பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிற பூனை உங்களுக்கு ஏற்றது.

நிறத்தை வைத்துத் தேட வேண்டாம். கறுப்புப் பூனை அதிகமாகத் தும்ம வைக்கும், வெள்ளைப் பூனை குறைவு என்று சொல்கிறவர்கள் உண்டு. அதை நம்பித் தெரிவு செய்ய முடியாது.

உட்கார்ந்து பார்க்கிற படி

முழு வேலையிலும் இதுதான் முக்கியம். அவசரப்படாமல் செய்யுங்கள்.

போகிற நாளில் ஒவ்வாமை மாத்திரை போட்டிருக்கக் கூடாது. தடிமன் இருக்கக் கூடாது. அந்த வீட்டில் அப்போதுதான் கூட்டியிருந்தால் கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போங்கள். முடிந்தால் பல பூனைகள் இருக்கிற வீட்டை விட, ஒரு பூனை மட்டும் இருக்கிற வீட்டைத் தெரிவு செய்யுங்கள். பல பூனைகள் இருந்தால் எதற்குத் தும்மினீர்கள் என்று தெரியாது. பல பூனைகள் இருக்கிற இடமென்றால், நீங்கள் பார்க்கிற பூனையோடு விறாந்தையில், காற்றோட்டமான இடத்தில் தனியாக உட்காருங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கைக்காக ஆரையம்பதியில் ஒரு வீட்டுக்குப் போனோம். அங்கே ஒரு மூவண்ணப் பெட்டைப் பூனை. தங்கை விறாந்தையில் பாயில் உட்கார்ந்தாள். பூனை முதலில் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தது. பிறகு வந்து அவளுடைய முழங்காலில் தலையைத் தேய்த்தது. அவள் தடவினாள், கையை முகத்துக்கருகே கொண்டுபோனாள், காத்திருந்தாள். மூக்கு லேசாக அரித்தது, அவ்வளவுதான். அந்த வீட்டு ஆச்சி பூனையைத் தூக்கி அவள் கையில் வைத்துவிட்டு, "கொண்டு போ மனே, இது ஒண்டும் செய்யாது" என்றார். நாங்கள் அன்று எடுக்கவில்லை. இரவு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறோம் என்றோம். ஆச்சி கோபிக்கவில்லை. "சரி, மறுகா வந்து பாரு. அது எங்க போகப் போகுது" என்றார்.

அன்றே எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வாமை இரண்டு தடவை வரலாம். முதலாவது தொட்ட சில நிமிடத்தில் வருவது. இரண்டாவது நாலு மணித்தியாலம் தொடங்கி எட்டு மணித்தியாலம் வரை கழித்து மெல்ல வருவது: மூக்கடைப்பு, நெஞ்சில் இறுக்கம், இருமல். பூனை வீட்டில் சும்மா இருந்துவிட்டு இரவு பத்து மணிக்கு மூக்கடைத்துப் படுக்கிறவர்கள் உண்டு. ஆகவே ஒரு மணித்தியாலமாவது பூனையோடு இருங்கள், வீட்டுக்கு வந்து உடுப்பு மாற்றாமல் இருங்கள், இரவு எப்படி இருக்கிறது என்று எழுதி வையுங்கள்.

அன்றிரவு நன்றாகப் போனால் அடுத்தது துணிச் சோதனை. சுத்தமான பருத்தித் துணி ஒன்றால் அந்தப் பூனையின் கழுத்து, கன்னம், முதுகு எல்லாம் நன்றாகத் துடைத்து, ஒரு பொலித்தீன் பையில் போட்டு முடிந்து கொண்டு வாருங்கள். வீட்டில் மாலை நேரம் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருங்கள். சும்மா தும்மல் ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை. நெஞ்சு இறுகினால், இழுப்புச் சத்தம் கேட்டால் அந்தப் பூனை வேண்டாம். துணியை எறிந்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள். முட்டு வருத்தம் எப்போதாவது இருந்தவர்கள் இந்தத் துணிச் சோதனையைத் தாமாகச் செய்யவே வேண்டாம்.

அதே பூனையை வேறு வேறு நாட்களில் போய்ப் பாருங்கள். ஒரு நாள் நன்றாக இருந்தது போதாது, பூனையின் சுரப்பும் மாறும், உங்கள் மூக்கும் மாறும். முதல் பூனை சரிவராவிட்டால் அடுத்த பூனை. ஏறாவூரில் ஒன்று, கல்லடியில் ஒன்று, வாழைச்சேனையில் ஒன்று என்று தேடிப் போக நேரலாம். பூனை கொடுக்க ஆட்கள் நம்மிடம் எப்போதும் இருக்கிறார்கள். தேடுவதற்குப் பஞ்சம் இல்லை.

இதற்கு நல்ல காலம் மாரி முடிந்து மாசி, பங்குனி. பூஞ்சணமும் ஈரமும் குறைந்து, கச்சான் புழுதி தொடங்காத நேரம். கார்த்திகை மழையில் யன்னலை மூடிக்கொண்டு பூனையைச் சோதித்தால் எதற்குத் தும்முகிறோம் என்றே பிடிபடாது.

வீட்டைத் தயார் செய்தல்

பூனை வரும் முன்பே ஒரு சட்டம் போடுங்கள்: படுக்கையறைக்குள் பூனை இல்லை, ஒரு நாளும் இல்லை. ஒரு நாளின் மூன்றில் ஒரு பங்கை நாம் அங்கேதான் கழிக்கிறோம். பூனை வந்தபின் இந்தச் சட்டத்தைப் போட்டால் அது கதவடியில் நின்று கத்தும், நீங்களும் இரங்கி விடுவீர்கள். நுளம்பு வலையை மறந்துவிடாதீர்கள். தூசியும் துகளும் அதில்தான் தங்கும். தலையணை உறை, படுக்கை விரிப்பு, வலை மூன்றையும் கிழமைக்கொரு தடவை தோயுங்கள். துணி தாங்குமென்றால் 60 பாகை வெந்நீர் தூசி உண்ணியையும் கொல்லும்.

நம் வீடுகளில் கம்பளம் இல்லாதது பெரிய உதவி. சீமெந்து நிலத்தையோ மாபிளையோ ஈரத்துணியால் துடைத்தால் துகள் போய்விடும். தும்புத்தடியால் கூட்டினால் எல்லாம் எழும்பி உங்கள் மூக்குக்குத்தான் வரும். துணி போட்ட செற்றி இருந்தால் அதற்குத் தோய்க்கக்கூடிய உறை போடுங்கள். புதிதாக வாங்குவதென்றால் மரக் கதிரையோ பிரம்புக் கதிரையோ நல்லது. காற்று வடிகட்டும் இயந்திரம் வாங்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எல்லா யன்னலும் திறந்திருக்கிற வீட்டில் அது காசுக்குக் கேடு. படுக்கையறையைப் பூட்டி ஏசி போட்டுப் படுக்கிறவராக இருந்தால் அந்த ஓர் அறைக்கு மட்டும் பிரயோசனப்படும். மற்றவர்களுக்கு எதிரெதிராக இரண்டு யன்னலைத் திறந்துவிடுவதே போதும்.

பூனையைச் சீவுவதும், அதன் படுக்கையை உதறுவதும், மண் பெட்டியை மாற்றுவதும் வீட்டில் ஒவ்வாமை இல்லாத ஆளுடைய வேலை. வெளியே, வளவில் செய்யட்டும். பூனையைக் குளிப்பாட்டினால் புரதம் குறையும்தான், ஆனால் ஓரிரு நாளில் பழையபடி ஏறிவிடும். பூனைக்கும் அது பெரிய தொந்தரவு. ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிட்டால் போதும். பூனையைத் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள். கண் வருத்தத்தில் பெரிய பங்கு இந்தக் கையால் வருகிறது.

முட்டையிலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம் பூசிய பூனை உணவு ஒன்று 2020இலிருந்து வெளிநாடுகளில் விற்பனையில் இருக்கிறது. 2019இல் வந்த ஆய்வில், அந்த உணவு கொடுத்த மூன்றாவது வாரத்திலிருந்து பூனை மயிரில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய நிலையில் இருக்கிற ஃபெல் டி 1 சராசரியாக 47 சதவீதம் குறைந்தது. வெளிநாட்டில் உறவினர் இருந்தால் விசாரித்துப் பார்க்கலாம். அது உதவி மட்டும்தான். மேலே சொன்ன தெரிவுக்கு மாற்று இல்லை.

பூனை வந்த பிறகு

முதலில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். விசர்நோய்த் தடுப்பூசி பூனைக்கும் கட்டாயம் போட வேண்டும், பிறகு ஆண்டுதோறும். தெள்ளு, பூச்சி மருந்து, கருத்தடை பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டுப் பூனைதானே என்று இருக்க வேண்டாம். உங்களுக்கு வாங்கிய மாத்திரை எதையும் பூனைக்குக் கொடுக்காதீர்கள். பனடோல் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

முதல் கிழமை நன்றாகப் போனால் சந்தோஷப்படுங்கள், ஆனால் முடிவு எடுக்காதீர்கள். வீட்டில் துகள் சேர வாரக்கணக்காகும். இரண்டு மாதம் ஒரு சின்னக் கொப்பியில் எழுதுங்கள்: காலையில் மூக்கு, பகலில் கண், இரவில் நெஞ்சு, அன்று மாத்திரை போட்டீர்களா இல்லையா. வைத்தியரிடம் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். பாமசியில் பிரிட்டோன் வாங்கித் தினமும் விழுங்கிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. அது நித்திரை வரவைக்கும். மோட்டார் சைக்கிள் ஓடுகிறவருக்கு ஆபத்து. நித்திரை குறைவாகத் தருகிற மாத்திரைகளும் மூக்குக்கு அடிக்கிற ஸ்பிரேயும் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

பூனையைத் தருகிறவரிடம் முதலிலேயே கதைத்து வையுங்கள்: "அக்கா, ஒத்துவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் திருப்பித் தரலாமா?" அவர் இல்லை என்றால், எடுத்துக்கொள்ளத் தயாரான இன்னொரு வீட்டைப் பார்த்து வைத்துவிட்டுத்தான் பூனையை ஏற்றுக்கொள்ளுங்கள். சந்தையடியிலோ மீன்வாடி பக்கத்திலோ கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். வீட்டில் வளர்ந்த பூனைக்கு அங்கே நாயும் வாகனமும்தான் காத்திருக்கும்.

இழுப்பு வந்தாலோ, இரவில் மூச்சுக்கு எழும்பினாலோ, மாத்திரை இல்லாமல் ஒரு நாளும் போகவில்லை என்றாலோ பூனையைத் திருப்பிக் கொடுக்கிற நேரம் வந்துவிட்டது. கொடுத்தவுடன் தும்மல் நின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்தப் புரதம் வீட்டில் நாலு, ஐந்து மாதம் வரைகூடத் தங்கி இருக்கும். செற்றி உறை, யன்னல் சீலை, வலை எல்லாவற்றையும் தோய்த்து, சுவரையும் அலுமாரிக்கு மேலேயும் ஈரத்துணியால் துடைத்து, மெத்தையை வெயிலில் போடுங்கள். மூக்கு முழுமையாக ஓய்ந்தபின் இன்னொரு பூனையைப் பார்க்க ஆசை இருந்தால், திரும்பவும் உட்கார்ந்து பார்க்கிற படியிலிருந்து தொடங்கலாம்.